ஆட்டுரலுக்குள் யானை

இருபத்தெட்டாம் நம்பர் வீட்டுத் தண்ணி டிரம்மைத் தேய்க்கேன். தேங்காய் நாரு, பிளீச்சிங் பவுடர், முழங்கை வரைக்கும் ஈரம். கொசு முட்டை தண்ணிக்குள்ள கிடக்காது, தண்ணி மட்டத்துக்கு மேல சுவரோட ஒட்டிக்கிட்டிருக்கும். தண்ணியைக் கவுத்தினா மட்டும் போகாது, காய்ஞ்ச டிரம்முல மாசக்கணக்கா உயிரைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்து அடுத்த தண்ணி பட்டதும் பொரிச்சிரும், அதனால தேய்க்கணும். இது எனக்கு நல்லாத் தெரியும். இந்த நகராட்சியில என்னை விட நல்லாத் தெரிஞ்சவ ஒருத்தியும் கிடையாது. அப்படித் தெரிஞ்சவ பதினாலு மாசமா ஒரு டிரம்மையும் தேய்ச்சது கிடையாது. குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பார்க்க வேண்டியது, ஒரு மூடி மருந்தை ஊத்த வேண்டியது, கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்க அட்டையில தேதி போட்டு, ‘புழு’ங்கிற கட்டத்துல ‘இல்லை’ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுட்டு அடுத்த வீடு. அந்த வீட்டு அக்கா அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து, என்ன வடிவு, கலெக்டர் வாராரா, இப்படி விழுந்து விழுந்து தேய்க்கேன்னு சிரிக்கா. நானும் சிரிச்சு வைக்கேன். கலெக்டர் வரல. பதினோரு மணிக்கு சானிட்டரி இன்ஸ்பெக்டர் மரியசெல்வம் சார் வாராரு, நாற்பத்தாறாம் நம்பருக்கு. இதுக்கும் அதுக்கும் நடுவுல எட்டு வீடு இருக்கு. நேரா நாற்பத்தாறுக்கே போயிருக்கலாம், ஒருத்தரும் என் கையைப் பிடிச்சு நிறுத்தல. ஆனா வரிசையாப் போகணும்னு ரூல் இருக்குல்லா. பதினாலு மாசத்துல இன்னைக்குத்தான் எனக்கு ரூல் ஞாபகம் வந்திருக்கு.

சுபிக்‌ஷா, வயசு ஆறு, தாய் பேரு முப்புடாதி, கதவு எண் நாற்பத்தாறு, செக்கடித் தெரு. காலையில ஏழு மணிக்கு வார்டு ஆபீஸ் வாசல்ல நிக்கவச்சு சார் வாசிச்சாரு, ரேஷன் கடையில பேரு கூப்பிடுத மாதிரி. டெங்கு உறுதி, பெரிய ஆசுபத்திரியில அட்மிட், காய்ச்சல் ஆறாம் நாள், பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரம். அம்பது வீடு சுத்திப் பார்க்கணும், புகை அடிக்கணும், அந்த வீட்டுக்கு நானே வாரேன், அட்டையை எடுத்து வைங்க. பக்கத்துல நின்ன பேச்சிக்கா என் விலாவுல இடிச்சா. ஏ வடிவு, இரட்டைப்படை வீடு உன் சைடுல்லா? எனக்குத் தெரியும்க்கா எது என் சைடுன்னு. தெருவுல ஒத்தைப்படை வீடெல்லாம் பேச்சிக்கா, இரட்டைப்படையெல்லாம் நான். சுபிக்‌ஷாங்கிற பேரைக் கேட்டதும் எனக்கு முகம் ஞாபகம் வரல, காலு ஞாபகம் வந்துச்சு. குத்த வச்சு உக்காந்திருக்க ரெண்டு சின்னக் காலு, கவுனுக்குக் கீழ. ஆட்டுரலுக்குப் பக்கத்துல. அந்தக் காலை நினைச்சா அதுக்கு மேல நினைப்பு ஓடமாட்டேங்குது, சேலை முள்ளுல மாட்டுன மாதிரி அங்கேயே நிக்குது. அதனால டிரம்மைத் தேய்க்கேன். தேய்க்கதுக்கு மூளை வேண்டாம். இதைத்தானே பதினாலு மாசமாக் குறையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச வடிவு, மூளைக்கு வேலை இல்லாத வேலைன்னு. இப்போ பாரு, எவ்வளவு சௌகரியமா இருக்கு.

முப்பது. கதவு சாத்தியிருக்கு. இந்த இடத்துல பேச்சிக்காவா இருந்தா தெரு முக்குல இருந்தே, ஏத்தா, கொசு மருந்தேன்னு ஒரு குரல் விடுவா, அம்புட்டு வீட்டுக் கதவும் திறந்திரும். நான் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. ஒரு நாளும் கிடையாது. கதவைத் தட்டி, முனிசிபாலிட்டில இருந்து வாரோம்னு சொல்லுவேன், ஏதோ சொத்து வரி ஆபீசர் மாதிரி. வாயில கொசு மருந்துங்கிற சொல்லு வரமாட்டேங்கும். விலங்கியல் எம்.எஸ்சி., எம்.ஃபில்., குளத்துப் பூச்சிகளைப் பத்தி நூத்திப்பன்னெண்டு பக்கம் எழுதி அட்டை போட்டு வச்சிருக்கவ, கொசு மருந்தேன்னு எப்படிக் கூவுவா? வேலைக்குச் சேர வந்தப்போ சார் என் சர்டிபிகேட்டைப் புரட்டிப் பார்த்துட்டு, ஏம்மா, இதுக்கு எட்டாங்கிளாஸ் போதுமேன்னாரு. நான் சொன்னேன், புழுதானே சார், நமக்குத் தெரிஞ்ச புழுதான். சும்மா ஆறு மாசம், காலேஜ்ல கௌரவ விரிவுரையாளர் லிஸ்ட் வந்ததும் போயிருவேன்னு மனசுக்குள்ள. வீட்டுல எங்க மதினி யாரு கேட்டாலும், வடிவு நகராட்சியில சுகாதாரப் பிரிவுல இருக்கான்னு சொல்லுவா, எந்தப் பிரிவுல எந்தப் படின்னு சொல்லமாட்டா. பாவம், எனக்காகத்தான். கூட வேலை செய்யுத பொம்பளைங்க எனக்கு எம்பில்லுன்னு பேரு வச்சாங்க. எம்பில்லு வாரா, எம்பில்லு டீ குடிக்கா. சார் மட்டும் என் படிப்புக்கு ஒரு மரியாதை வச்சிருந்தாரு, அவரு எழுத வேண்டிய ரிப்போர்ட்டை எல்லாம் என் தலையில கட்டினாரு. உன் கையெழுத்து முத்து மாதிரி இருக்கு வடிவுன்னு ஒரு சொல்லு. அதுக்கே நான் உச்சி குளிர்ந்து போய் மணிக்கணக்கா உக்காந்து எழுதிக் கொடுப்பேன். வீடு வீடாப் போய்ப் பார்க்கதுக்கு அலுப்பு, பார்த்ததா எழுதுததுக்கு மட்டும் அலுப்பே கிடையாது.

முப்பத்திரண்டு, முப்பத்திநாலு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால தட்டுல தேங்கின தண்ணி, மணிபிளாண்ட் பாட்டில், மாடியில குருவிக்கு வச்ச சிரட்டை. எல்லாத்தையும் கவுத்தேன். முப்பத்திநாலுல ரிட்டயர்டு தாசில்தார், இந்தம்மா, மாடியில தண்ணி இருக்குன்னு நானே ரெண்டு மாசமாச் சொல்லுதேன், இன்னைக்குத்தான் உனக்குப் படி ஏறத் தெரிஞ்சுதான்னு கேட்டாரு. வேற நாளா இருந்தா எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்திருக்கும். என் படிப்பென்ன, உம்ம படிப்பென்னன்னு மனசுக்குள்ள ஒரு பட்டிமன்றம் நடந்திருக்கும். இன்னைக்கு, ஆமா சார், தப்புதான்னு சொன்னேன். அவரு ஒரு மாதிரி பார்த்தாரு. தப்புதான்னு சொல்ல இவ்வளவு லேசாவா இருக்கு? அப்போ நாற்பத்தாறுலயும் சொல்லிரலாம். சொல்லிரலாமா? சொன்னா நாளையில இருந்து வேலை கிடையாது, அது போகட்டும். சொல்லலைன்னா சார் அந்த வீட்டு மேல நோட்டீஸ் போடுவாரு, புழு வளர்த்த வீடுன்னு. முப்புடாதி தலையில விடியும். பிள்ளை ஆசுபத்திரியில கிடக்கப்போ தாய்க்காரி கையில நோட்டீஸ். அதை எழுதப் போறதும் நான்தான், முத்து மாதிரி கையெழுத்துல.

முப்பத்தாறுல ஒரு புழுவும் இல்லை, ஆனாலும் தேய்ச்சேன். தேய்க்கப்போ பத்து வாரத்துக்கு முந்தின ஒரு நாள் கண்ணுல வந்து நிக்குது. சாரல் விழுந்துக்கிட்டிருந்த மாசம். மலையில இருந்து இறங்கின மேகம் தெருவுக்குள்ளயே நடந்து போகும், துணி காயாது, தீப்பெட்டி பத்தாது. நாற்பத்தாறாம் நம்பர்ல கொல்லைப்பக்கம் ஒரு பழைய ஆட்டுரல் கிடக்கு, கிரைண்டர் வந்த பிறகு குழவியைத் தூக்கி ஓரமாப் போட்டாச்சு, குழி மட்டும் வானத்தைப் பார்த்துக்கிட்டு. கொய்யா இலை விழுந்து ஊறி, பால் விடாத கட்டன் சாயா நிறத்துல தண்ணி. ஆட்டுரலைக் கவுக்க முடியாது, அதுக்கு எங்களுக்கு ஒரே மருந்து மண்ணு. ஒரு சட்டி மண்ணை அள்ளிக் குழியில போட்டு மூடிட்டா ஜென்மத்துக்கும் அதுல புழு வராது. பேச்சிக்கா சைடுல எந்த ஆட்டுரல்லயும் தண்ணி கிடையாது, எல்லாத்துலயும் மண்ணுதான், ஒண்ணுல துளசி கூட நட்டிருக்கா. நானும் அன்னைக்கு மண்ணு அள்ளத்தான் சட்டியை எடுத்தேன். டார்ச் அடிச்சுப் பார்த்தேன், அப்போதான் அது அசைஞ்சுச்சு. மத்த புழுவை மாதிரி நாலு மடங்கு நீளம், செம்பழுப்பு, தடியா, அவசரமே இல்லாம அடியில கிடந்துச்சு. பக்கத்துல ஒரு குட்டிப்புழு நெளிஞ்சு வந்துச்சு, ஒரே கவ்வு. எனக்கு உடம்பு சிலிர்த்திருச்சு. புத்தகத்துல படம் பார்த்திருக்கேன், லேப்ல சீசாவுக்குள்ள செத்ததைப் பார்த்திருக்கேன், உயிரோட பார்த்ததில்லை. யானைக்கொசு. பெருசானா பூந்தேனைத்தான் குடிக்கும், மனுசரைக் கடிக்காது. புழுவா இருக்கையில மத்த கொசுப்புழுவையெல்லாம் பிடிச்சுத் தின்னுரும். மலைக்காட்டு மரப்பொந்துல இருக்க வேண்டியது, சாரலோட இறங்கி செக்கடித் தெரு ஆட்டுரலுக்கு வந்திருக்கு. என்னை மாதிரி இடம் மாறி வந்தது. சட்டியைக் கீழ வச்சேன். மண்ணு போடல. எட்டாங்கிளாஸ் படிச்சவளா இருந்தா போட்டிருப்பா. எந்தப் புழுவா இருந்தா என்ன, புழு புழுதான்னு போட்டிருப்பா.

முப்புடாதி தையல் மிஷினை நிறுத்திட்டு வந்து பார்த்தா. ஜாக்கெட் தைக்கா, வீட்டுக்காரர் கொல்லத்துல பேக்கரி வேலை, மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு. பிள்ளையும் ஓடி வந்துச்சு, முன்னால ரெண்டு பல்லு கிடையாது. நான் பையில இருந்து லென்ஸை எடுத்தேன். எம்.ஃபில். படிக்கப்போ வாங்கினது, இந்த வேலைக்கு லென்ஸ் எதுக்குன்னு பேச்சிக்கா கேலி பண்ணுவா, ஆனாலும் பையை விட்டு எடுத்ததில்லை. பிள்ளை கையில கொடுத்து, பாரு சுபி, இதுதான் யானை, இது கெட்ட புழுவையெல்லாம் சாப்பிட்டிரும், நம்ம போலீசுன்னேன். அது லென்ஸைக் கண்ணுல ஒட்டிக்கிட்டு மூச்சு விடாமப் பார்த்துச்சு. அப்புறம் ஒரு கேள்வி கேட்டுச்சு பாருங்க, யானைக்கு அம்மா எங்கன? நாலு வருஷம் காலேஜ்ல படிச்சவங்க கிட்ட இருந்துகூட அப்படி ஒரு கேள்வி வந்திருக்காது. நான் சப்பணம் போட்டு உக்காந்து முட்டையில இருந்து கொசு வரைக்கும் சொல்லிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம். முப்புடாதி வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேட்டா, கடைசியில, நீங்க டீச்சராத்தான் இருக்கணும், இங்கன எதுக்கு இந்த வேலை பார்க்கீங்கன்னா. அன்னையில இருந்து அந்த வீட்டுல நான் டீச்சர். டீச்சர் காபி குடிங்க, டீச்சர் உக்காருங்க. நாலு வாரம், ஒவ்வொரு வாரமும் அந்த வீட்டுக்குப் போக நல்ல சேலையா எடுத்துக் கட்டினேன், சொன்னா வெட்கக்கேடு. லென்ஸைப் பிள்ளை கிட்டயே விட்டுட்டு வந்தேன். தினம் பார்த்து எண்ணிச் சொல்லணும், சரியான்னு. தாய்க்காரி கிட்ட, இதுல மண்ணு போட்டிராதீங்க, மருந்தும் வேண்டாம், பிளீச்சிங்கும் வேண்டாம், நான் பார்த்துக்கிடுதேன்னு சொன்னேன். சொன்னது நான். என் வாயால, இந்த வாயால.

முப்பத்தெட்டு. அப்புறம் லிஸ்ட் வந்துச்சு. கௌரவ விரிவுரையாளர், விலங்கியல், ரெண்டு இடம். என் பேரு இல்லை, நான் லேப்ல கூடவே இருந்து சொல்லிக் கொடுத்த பிள்ளை ஒருத்தி பேரு இருந்துச்சு. அவ போன்ல கூப்பிட்டு, யக்கா உங்களால தான்னு அழுதா. நான் வாழ்த்துச் சொன்னேன். மறுநாள் காலையில தெருவுல இறங்கினேன், ஒரு வீட்டுக்குள்ளயும் கால் வைக்க மனசில்லை. குனியவே பிடிக்கல. யாருக்கு யாரு குனியுதது? நாற்பத்தாறுக்கும் போனேன். கதவுக்குப் பின்னாடி அட்டை, தேதி, இல்லை, கையெழுத்து. முப்புடாதி மிஷின்ல இருந்தபடியே, டீச்சர் யானையைப் பார்க்கலியான்னு கேட்டா. முடுக்கு வழியாப் பார்த்துட்டுத்தான் வாரேன், நல்லாருக்குன்னேன். அந்த வீட்டுக்குப் பக்கத்துல கொல்லைக்குப் போக ஒரு முடுக்கு இருக்கு, பொய் சொல்ல வசதியா. அடுத்த வாரமும் முடுக்கு. அதுக்கடுத்த வாரமும். ஆறு வாரம். மத்த வீட்டுல நான் பார்க்காம எழுதினா அது சோம்பேறித்தனம், ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த ஒரு வீட்டுல நான் பார்க்காம விட்டது வேற. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியல. டீச்சர்னு கூப்பிட்டா நெஞ்சுல குத்துது. டீச்சரா ஆகாத டீச்சர். அவங்க கொடுத்த மரியாதையே எனக்கு அன்னைக்கு ஆகல, அவங்க மேலேயே கோவப்பட்டேன், பாவி.

நாற்பது. கணக்குப் போடாத வடிவு, டிரம்மைத் தேயி. ஆனா மூளைன்னு ஒண்ணை நாயா வளர்த்து வச்சிருக்கேனே, அது வாசல்ல படுத்துக்கிட்டு கணக்கைத்தான் கடிச்சுக்கிட்டிருக்கு. யானை கூட்டுப்புழுவாகி, றெக்கை முளைச்சு, பறந்து போயிருக்கும். போலீசு போன பிறகு திருடனுக்கு ராஜ்ஜியம். முட்டை கொசுவாக பத்து நாள். அந்தக் கொசு எங்கயோ ஒரு காய்ச்சக்காரனைக் கடிச்சு, அது உடம்புக்குள்ள கிருமி பழுக்க இன்னொரு பத்து நாள். பிள்ளையைக் கடிச்ச பிறகு காய்ச்சல் வர அஞ்சு நாள். காய்ச்சல் ஆறு நாள். ஆக மொத்தம் முப்பத்தொரு நாள். நான் பார்க்காம விட்டது நாற்பத்திரண்டு நாள். தாராளமா இடம் இருக்கு. இல்லை, இப்படியும் சொல்லலாம்: கொசு நூறு மீட்டர் பறக்கும், பள்ளிக்கூடத்துல கடிச்சிருக்கலாம், பேச்சிக்கா சைடுல இருந்து வந்திருக்கலாம், அந்த ஆட்டுரல்ல பிறந்த கொசுதான்னு எந்த லேப்லயும் நிரூபிக்க முடியாது. பேச்சிக்கா இடத்துல நான் இருந்தா, ஐயோ என்னாலன்னு ஒரே அடியா நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதிருப்பேன், முடிஞ்சிருக்கும். படிச்சவளுக்குத் தப்பிக்க ஆயிரம் வாசல், ஒவ்வொரு வாசலாத் திறந்து பார்க்கேன், எல்லா வாசல்லயும் அந்த ரெண்டு காலு குத்த வச்சு உக்காந்திருக்கு. ஏன்னா இந்தக் கொசு பகல்ல கடிக்கது. விடிஞ்ச பிறகும் பொழுது சாயதுக்கு முந்தியும், காலுலதான் கடிக்கும். அந்த நேரமாப் பார்த்துப் பிள்ளையை ஆட்டுரல் பக்கத்துல தினம் உக்காரச் சொன்னது யாரு? லென்ஸைக் கொடுத்து எண்ணச் சொன்னது யாரு?

நாற்பத்திரண்டு, நாற்பத்திநாலு. எதிர்ப்பக்கத்துல பேச்சிக்கா தன் சைடை முடிச்சுட்டு மண்ணுச்சட்டியோட நிக்கா, ஒரு ஆட்டுரலுக்குத் தேவைப்படும்னு எப்படியோ தெரிஞ்சு. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு எப்பவும் என்னைச் சீண்டுவா, இன்னைக்கு சட்டியை இடுப்புல மாத்தி வச்சுக்கிட்டா, அம்புட்டுதான். அது எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. சாரோட வண்டி நாற்பத்தாறு வாசல்ல நிக்குது. மணி பத்து அம்பதுதான். எதுக்கு இப்படி முன்னாலயே வரணும் இந்த மனுசன்.

உள்ள போனேன். முப்புடாதி இருந்தா. ஆசுபத்திரியில இருந்து பிள்ளைக்கு மாத்துத்துணி எடுக்க வந்திருக்கா, தலை கலைஞ்சு, கையில ஒரு ஃபிளாஸ்கு. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துச்சு. டீச்சர், இன்னைக்குக் காலையில காய்ச்சல் விட்டுட்டு, உடம்பு சில்லுன்னு ஆயிட்டுன்னா. காய்ச்சல் விடுத அன்னைக்குத்தான் டெங்குல ஆபத்து ஆரம்பிக்கும், இன்னைக்கும் நாளைக்கும் தாண்டணும். அதை அவ கிட்ட எப்படிச் சொல்ல? கூடவே நர்ஸ் இருக்காங்கல்லா, தண்ணி கொடுத்துக்கிட்டே இருங்க, வயித்து வலின்னா உடனே சொல்லுங்கன்னு மட்டும் சொன்னேன். சரி டீச்சர், சரி டீச்சர்னு தலையாட்டுதா. சார் கொல்லையில இருந்து கூப்பிட்டாரு. ஆட்டுரலைக் காட்டி, இங்க பாரு, கொதிக்குதுன்னாரு. குனிஞ்சேன். ஆறு வாரத்துக்குப் பிறகு குனிஞ்சேன். தண்ணி தெரியல, புழுதான் தெரிஞ்சுச்சு, எல்லாம் குட்டிக்குட்டியா மேலயும் கீழயும். யானை இல்லை. கட்டன் சாயா நிறத் தண்ணி ஓரத்துல, எப்பவோ உரிச்சுப் போட்ட ஒரு பெரிய கூட்டுப்புழுச் சட்டை மட்டும் ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு.

சார் முப்புடாதியைப் பிடிச்சுக்கிட்டாரு. ஏம்மா, சின்னப் பிள்ளை இருக்க வீட்டுல இப்படியா வச்சிருப்பே, மண்ணு போடச் சொல்லி எத்தனை தடவை சொல்லியிருப்போம். அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. ஒரே பார்வை. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, “மறந்துட்டேன் சார், தையல் வேலையில மறந்துட்டேன்”னா. எனக்காகச் சொல்லுதா. டீச்சருக்கு வேலை போயிரக் கூடாதுன்னு. சார் என் பக்கம் திரும்பி, உரிமையாளர் அலட்சியம்னு ஒரு ரிப்போர்ட் போட்டிரு வடிவு, அட்டையையும் கூடவே வைன்னாரு. பேச்சிக்கா முடுக்குல மண்ணுச்சட்டியோட நிக்கா. இப்போ பேசாம இருந்தா எல்லாம் முடிஞ்சிரும், நாளைக்கும் தெரு இருக்கும், அட்டை இருக்கும். குத்த வச்ச ரெண்டு காலு.

“அவ மறக்கல சார். மண்ணு போடாதேன்னு நான்தான் சொன்னேன்.”

யானைக்கொசுவைப் பத்திச் சொன்னேன். காட்டுல இருக்குது, மத்த புழுவைத் திங்குது, எல்லாம் சொன்னேன், நூத்திப்பன்னெண்டு பக்கத்தையும் அங்கன நின்னு ஒப்பிச்சிருப்பேன் போல. சாருக்குப் பாதி புரியல, மீதி புரிஞ்சுக்க விருப்பம் இல்லை. நீ படிச்சவ, படிச்சவ மாதிரிப் பேசு, ஏதாவது உளறி வைக்காதன்னாரு. அட்டையில இல்லைன்னு எழுதியிருக்கு, உன் கையெழுத்துக்குக் கீழ சரிபார்த்தேன்னு என் கையெழுத்தும் இருக்கு, தெரியுதாம்மான்னு குரலைத் தாழ்த்திக் கேட்டாரு. முப்புடாதி அவரைக் கேட்கல. என்னையே பார்த்துக்கிட்டிருந்தா.

“யானை இல்லையா டீச்சர்?”

“இல்லை.”

“எப்போ போச்சு?”

“தெரியாது முப்புடாதி. நான் பார்க்கல. ஆறு வாரமா முடுக்குப் பக்கமே வரல. வாசல்ல நின்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டேன்.”

அவ ஃபிளாஸ்கைக் கீழ வச்சா. கோவப்படுவான்னு நினைச்சேன், மண்ணை வாரித் தூத்துவான்னு நினைச்சேன், தூத்தியிருந்தா நல்லாருந்திருக்கும். ரொம்ப மெதுவாச் சொன்னா. “சுபி தெனம் பார்த்தா. ஒரு நாளு வந்து, யம்மா யானையைக் காணோம், நிறைய குட்டிப்புழு இருக்கு, டீச்சர் கிட்ட சொல்லணும்னா. நான்தான் சொன்னேன், டீச்சர் வாராவாரம் பார்க்காங்கல்லா, அவங்களுக்குத் தெரியாததான்னு.”

அவ எண்ணியிருக்கா. ஆறு வயசுப் பிள்ளை, முன்பல்லு இல்லாதது, நான் சொன்னபடி உக்காந்து எண்ணி, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருக்கா. இந்தத் தெருவுல என் சைடுல அந்த வேலையை ஒழுங்காச் செஞ்சது அது ஒண்ணுதான். அவ சொன்ன அன்னைக்கு ஒரு சட்டி மண்ணு போட்டிருந்தா. என் காதுல விழுந்திருந்தா. எனக்கு அழுகை வருது, ஆனா இங்கன அழ எனக்கு என்ன பாத்தியதை இருக்கு. வீட்டுக்குள்ள போய் கதவுக்குப் பின்னாடி அட்டையைப் பிரிச்சேன். ஆறு ‘இல்லை’. முத்து முத்தா. ஒவ்வொண்ணையும் அடிச்சுட்டுப் பக்கத்துல ‘பார்க்கவில்லை’ன்னு எழுதி, ஒவ்வொண்ணுலயும் கையெழுத்துப் போட்டேன். ஆறு தடவை. ரிப்போர்ட்டுல உரிமையாளர்ங்கிற இடத்துல என் பேரை எழுதினேன், சங்கரவடிவு, எம்.எஸ்சி., எம்.ஃபில்., பிறகு அந்த எழுத்துகளை மட்டும் அடிச்சுட்டு, கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்னு எழுதினேன். சார் வாங்கிப் பார்த்தாரு, மடிச்சுப் பைக்குள்ள வச்சாரு. கிழிக்கல. கிழிப்பாரோ என்னவோ, போற வழியில. நாளைக்கு ஆபீசுக்கு வா, இப்போ மீதி வீட்டை முடின்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தாரு.

பேச்சிக்கா சட்டியோட ஆட்டுரல் பக்கம் போனா. நான் போடுதேன்க்கான்னு வாங்கிக்கிட்டேன். மண்ணு தண்ணியைக் குடிச்சுக்கிட்டே இறங்குச்சு. ரெண்டாவது சட்டி, மூணாவது சட்டி. கையால அமுக்கி விட்டேன், நகத்துக்குள்ள எல்லாம் மண்ணு. மொத்தம் அஞ்சு நிமிஷம் ஆகல. பத்து வாரத்துக்கு முந்தி இதே அஞ்சு நிமிஷம்.

முப்புடாதி துணிப்பையோட கிளம்பி நின்னா. ஜன்னல் திட்டுல இருந்து லென்ஸை எடுத்தா. கண்ணாடியில பிள்ளையோட விரல் ரேகை. சேலை முந்தியால துடைச்சு என்கிட்ட நீட்டினா.

“இந்தாங்க யக்கா. உங்க சாமானு.”

நான் வாங்கிக்கிட்டேன். துடைச்சிருக்க வேண்டாம்னு ஒரு நினைப்பு, அந்த ரேகையாவது இருந்திருக்கும். சாயந்தரம் ஆசுபத்திரிக்கு வரட்டுமான்னு கேட்டேன். அவ துணிப்பையைத் தோளுல மாட்டிக்கிட்டு முடுக்கு வழியா ஆட்டோவுக்குப் போயிட்டா. சுபி கேட்பா, யானை இருக்கான்னு. அவளுக்குத் தெரியும் அது இல்லைன்னு, என்னை விட முந்தியே தெரியும். இன்னைக்கும் நாளைக்கும் தாண்டணும். தாண்டிருவா. பிளேட்லெட் ஏறும், தண்ணி குடிப்பா, ஏறும். எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் எங்கனயாவது கொடுத்துட்டு அந்த ரெண்டு நாளை மட்டும் வாங்க முடியுமா?

பேச்சிக்கா என் தோளைத் தொட்டா. வா, இன்னும் வீடு கிடக்குன்னா. நாற்பத்தெட்டு. கதவு சாத்தியிருக்கு. அவ கூப்பிடப் போனா, நான் கையைக் காட்டி நிறுத்தினேன். தொண்டையைச் செருமினேன். நாற்பத்தாறு வாசல்ல ஆட்டோ திரும்பிக்கிட்டிருக்கு, அவளுக்கும் கேட்கும், கேட்கட்டும்.

“கொசு மருந்தும்மா”ன்னு கூப்பிட்டேன். “கொசு மருந்து.”